ஓட்டுபவர் கையும் பொறியின் கையும்

மனிதன் தன் கைக்கு எட்டாததை எட்டுவதற்கும், தன் தோளுக்குத் தாங்காததைத் தாங்குவதற்கும் பொறிகளை அமைத்தான். அவற்றால் உலகம் அடைந்த நன்மை அளவிடற்கரியது. ஏற்றம் மிதித்தவர்க்குப் பதிலாக இயந்திரம் நீர் இறைக்கின்றது. தலைச்சுமை சுமந்தவர்க்குப் பதிலாக லாரி சுமக்கின்றது. இதனைக் குறைகூறுவோர் உழைப்பின் வலியை அறியாதவரே யாவர். ஆயினும், பொறியானது தோளின் வேலையைச் செய்வது ஒன்று. அறிவின் வேலையைச் செய்ய முற்படுவது மற்றொன்று. தோளின் வேலையை ஒப்படைத்தவர் ஓய்வு பெறுகின்றார். அறிவின் வேலையை ஒப்படைத்தவரோ, பொறி தவறியவிடத்து அதன் பழியைத் தாமே சுமக்க நேரிடுகின்றது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு ஏற்ற சிறியதொரு துறையின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

சேற்றிலும் மணலிலும் மலைச்சரிவிலும் செல்வதற்கென்றே அமைந்தவை, நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தும் மோட்டார் வண்டிகள். நம் மக்கள் அவற்றை ஃபோர்வீல் வண்டிகள் என்று வழங்குவர். அவற்றைக் கையால் கியர் மாற்றி ஓட்டுவோரிடமிருந்து அண்மைக் காலத்தில் ஒரு முறையீடு எழுந்துள்ளது. தமக்கு உதவுவதற்கென்று வண்டியில் அமைக்கப்பட்ட தானியங்கிப் பொறிகளே தமக்கு இடையூறாகின்றன என்பது அம்முறையீடு. பிரேக்கை அழுத்தினால் பொறி அதனைத் தளர்த்துகின்றது. வேகம் கொடுத்தால் பொறி அதனைக் குறைக்கின்றது. வண்டியைப் பின்னோக்கி உருளவிட்டால் பொறி அதனைப் பிடித்து நிறுத்துகின்றது. வண்டிக்குள் காணப்படாத இரண்டாவது ஓட்டி ஒருவன் அமர்ந்திருப்பதாக இவர்கள் உணர்கின்றனர். இம்முறையீட்டில் நியாயம் எவ்வளவு, பழமைப் பற்று எவ்வளவு என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

இது நமக்கு அயலான பொருள் என்று வாசகர் எண்ணவேண்டா. கேமரன் மலைக்குச் சென்றவர் எவரும் அங்கு ஓடும் பழைய லேண்ட்ரோவர் வண்டிகளைக் காணாது திரும்பியிரார். காய்கறித் தோட்டங்களின் செங்குத்தான மண்பாதைகளில், முட்டைக்கோசும் தக்காளியும் நிறைந்த கூடைகளை ஏற்றிக்கொண்டு, அரை நூற்றாண்டைக் கடந்த வண்டிகளும் அங்கு ஊர்ந்து செல்கின்றன. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் அம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் தமிழ் மக்களின் உழைப்பும் அம்மண்ணிற் கலந்துள்ளது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைநாளில் லாரி ஓட்டியவர்க்கு, இக்கட்டுரையிற் சொல்லப்படும் சங்கடங்கள் எவையும் புதியன அல்ல.

பொறியில்லாக் காலம்

ஃபோர்வீல் வண்டியைப் பெருந்தொகையாக உலகிற்கு அளித்தது இரண்டாம் உலகப்போர். அமெரிக்கப் படைக்கு இலகுவான வண்டி ஒன்று வேண்டப்பட்டபோது, பாண்டம் என்னும் சிறு கம்பெனிக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறிவல்லுநர் அதன் வரைபடத்தைச் சில நாட்களில் தீட்டினார். முதல் வண்டி 1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய கம்பெனிகள் போர் முடிவதற்குள் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன.

அந்த ஜீப்பில் ஓட்டுபவருக்கு அருகே மூன்று நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று கியர் மாற்றுவதற்கு. மற்றொன்று முன்சக்கரங்களுக்கு விசை செலுத்துவதற்கு. மூன்றாவது, எல்லாக் கியர்களையும் ஒருங்கே தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதற்கு. எந்நேரத்தில் எதனை அசைப்பது என்று சொல்வதற்கு அதில் எப்பொறியும் இல்லை. நிலத்தைப் பார்த்து ஓட்டுபவரே முடிவு செய்தார்.

அம்முடிவு ஒரு கலையாக வளர்ந்தது. இறக்கத்தில் செல்வதை எடுத்துக்கொள்வோம். புதிதாகப் பயின்றவர் பிரேக்கை மிதிப்பார். சக்கரம் சுழல்வது நிற்கும். ஈர மண்ணில் வண்டி சறுக்கி, பின்புறம் பக்கவாட்டில் திரும்பிவிடும். தேர்ந்தவரோ இறங்குவதற்கு முன்பே தாழ்ந்த தொகுதியில் முதற்கியரை இட்டு, கிளட்சிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிடுவார். எஞ்சினே சக்கரங்களைத் தடுத்துப் பிடிக்க, வண்டி மனிதன் நடக்கும் வேகத்திற்கும் குறைவாக இறங்கும். ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால், பதறிக் கிளட்சை மிதியாது, வண்டியைப் பிரேக்கில் நிறுத்திப் பின்கியரை இட்டு, கியர் பூட்டியபடியே எஞ்சினை முடுக்கி நேராகப் பின்னிறங்குவார். கிளட்சை மிதித்துவிட்டால் சக்கரத்திற்கும் எஞ்சினுக்கும் உள்ள பிணைப்பு அறுந்து வண்டி தன்போக்கில் உருளும். இக்கலையைக் கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் உள்ள வேறுபாடு, பலமுறை உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாயிருந்தது.

பழைய உதவிகள்

உதவிப்பொறிகள் யாவும் நேற்றுத் தோன்றியவை என்று கருதுவது தவறு. பழைய கார்களில் ஒவ்வொரு கியர் மாற்றத்திற்கும் கிளட்சை இருமுறை மிதித்து, பற்சக்கரங்களின் வேகத்தைச் செவியால் அளந்து பொருத்தவேண்டும். 1928-ஆம் ஆண்டில் கேடிலாக் கம்பெனி சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பைக் கொணர்ந்து, அவ்வேகங்களைப் பொறியே ஒத்திசைக்கச் செய்தது. அதனால் கியர் மாற்றுவது எல்லோருக்கும் எளிதாயிற்று.

1936-ஆம் ஆண்டில் ஸ்டூடிபேக்கர் கம்பெனி ஹில் ஹோல்டர் என்னும் மற்றொரு பொறியைத் தந்தது. மேட்டில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புகையில், ஒரு கால் கிளட்சிலும் மறு கால் பிரேக்கிலும் இருக்க, வேகம் கொடுப்பதற்கு மூன்றாவது கால் இல்லாது தவிப்பது கைகியர் ஓட்டுவோர் அனைவரும் அறிந்த துன்பம். இப்பொறியோ, கிளட்சு மிதிபட்டிருக்கும் வரையில் பிரேக்கின் அழுத்தத்தைப் பிடித்து வைத்தது. கிளட்சைத் தளர்த்தியவுடன் விட்டுவிட்டது. ஆக, அது எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்பது ஓட்டுபவரின் இடக்காலுக்குத் தெரிந்திருந்தது. இதனை வாசகர் நினைவில் இருத்துக.

நம் வரலாற்றின் மிகச் சிறந்த பாடம் 1948-ஆம் ஆண்டில் கிடைக்கின்றது. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமைப் பொறிவல்லுநரான மாரிஸ் வில்க்ஸ், ஆங்கிள்ஸீ தீவிலிருந்த தம் பண்ணையில் போரில் எஞ்சிய ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அவ்வனுபவத்திற் பிறந்த லேண்ட்ரோவர், 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் மோட்டார்க் கண்காட்சியில் வெளிப்பட்டது. மலாயாவில் அவசரகாலம் தொடங்கியதும் அதே ஆண்டிலேயே. 1960 வரை நீடித்த அக்காலத்தில் பிரிட்டிஷ் படையினருடன் அவ்வண்டிகளும் நம் நாட்டுக் காட்டுச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தன.

அந்த முதல் லேண்ட்ரோவரில் ஃபிரீவீல் என்னும் தானியங்கி அமைப்பொன்று இருந்தது. நான்கு சக்கரங்களும் எப்போதும் விசை பெற்றிருந்தால், தார்ச்சாலையில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒன்றையொன்று இழுத்து டயரைத் தேய்க்கும். இதனைத் தவிர்க்க, சக்கரங்கள் எஞ்சினை முந்தும்போது முன்னச்சின் பிணைப்பு தானே விலகுமாறு அமைத்தனர். சாலைக்கு இது நன்மையே. ஆனால் செங்குத்தான இறக்கத்தில் என்ன நேரும்? அங்கும் சக்கரங்கள் எஞ்சினை முந்தவே முயலும். முன்னச்சின் பிணைப்பு விலகும். எஞ்சினின் தடுப்பு மிகவும் வேண்டப்படும் இடத்திலேயே முன்சக்கரங்கள் அதனை இழக்கும். வல்லுநர்கள் இதனை முன்னறிந்திருந்தனர். ஆதலின் ஓட்டுபவரின் காலடியில் ஒரு வளையத்தை வைத்தனர். அவ்வளையத்தை இழுத்தால் ஃபிரீவீல் பூட்டிக்கொள்ளும். நான்கு சக்கரங்களும் எஞ்சினுக்குக் கட்டுப்படும்.

1950-ஆம் ஆண்டில் அவ்வமைப்பையே நீக்கிவிட்டு, வேண்டும்போது நான்கு சக்கர விசையைப் பூட்டவும் வேண்டாதபோது விலக்கவும் நெம்புகோலை அமைத்தனர். பொறி எங்கே பிழைபடும் என்பதை அறிந்து, அவ்விடத்தில் மனிதன் கைக்கு ஒரு வளையத்தை விட்டு வைத்த அந்த நேர்மையே நாம் போற்றற்குரியது. பிற்காலத்துப் பூசல்கள் யாவும் அவ்வளையம் சிறிது சிறிதாக மறைந்ததனால் விளைந்தவை என்று கூறலாம்.

மின்பொறிகள் வந்தமை

1978-ஆம் ஆண்டில் பாஷ் கம்பெனியும் மெர்ஸிடிஸ் கம்பெனியும் இணைந்து, பிரேக்குப் பூட்டிக்கொள்ளாது காக்கும் மின்பொறியை வெளியிட்டன. ஏ.பி.எஸ். என்று அதனை வழங்குவர். சக்கரம் சுழலாது நிற்கப்போவதை உணர்ந்து, ஒரு நொடியிற் பலமுறை பிரேக்கைத் தளர்த்தியும் இறுக்கியும், வண்டியின் திசைமாற்றும் ஆற்றலை அது காக்கின்றது. 1989-இல் இது ரேஞ்ச்ரோவர் வண்டிக்கும் வந்தது.

ஈரமான தார்ச்சாலையில் இதன் பெருமை ஐயத்திற்கு இடமில்லாதது. ஆனால் பரற்கல்லும் தளர்ந்த மண்ணும் வேறு இயல்பின. அங்கு சுழலாது நின்ற சக்கரம் தன் முன்னே மண்ணைக் குவித்து, அக்குவியலையே முட்டுக்கட்டையாகக் கொண்டு நிற்கின்றது. பொறியோ சக்கரத்தை நிற்கவிடுவதில்லை, குவியலும் உண்டாவதில்லை. அமெரிக்க அரசாங்கத்தின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையினர் 1999-இல் வெளியிட்ட சோதனை முடிவின்படி, தளர்ந்த பரற்கல்லின்மேல் இப்பொறியுள்ள வண்டிகள் நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தொலைவு சராசரியாக 27 விழுக்காடு மிகுந்திருந்தது. காட்டுவழி ஓட்டுவோர் தம் அனுபவத்தாற் சொன்னதை அளவுகோலும் மெய்ப்பித்தது. எனினும், அத்தகைய இடத்திலும் ஸ்டியரிங்கிற்குக் கட்டுப்படும் தன்மையை வண்டி இழப்பதில்லை என்பதையும் மறைத்தல் கூடாது.

அடுத்து வந்தது நிலைகாப்புப் பொறி. 1995-இல் மெர்ஸிடிஸ் வண்டியில் இது தோன்றியது. ஓட்டுபவர் திருப்பும் திசைக்கும் வண்டி செல்லும் திசைக்கும் வேறுபாடு காணின், இப்பொறி தானே ஒரு சக்கரத்தில் பிரேக்கிட்டு, எஞ்சினின் விசையையும் குறைத்து வண்டியை வழிக்குக் கொணரும். 1997-இல் சுவீடனில் ஒரு மோட்டார்ப் பத்திரிகையார் செய்த சோதனையில் மெர்ஸிடிஸ் ஏ வகுப்புச் சிறுவண்டி கவிழ்ந்தது உலகெங்கும் பேச்சாயிற்று. அதன்பின் அவ்வகை வண்டிகள் யாவற்றிலும் இப்பொறியை அக்கம்பெனி பொருத்தலாயிற்று.

இப்பொறியின் பயனைக் குறைத்துக் கூறுவது பெரும்பிழை. உயரமான ஃபோர்வீல் வண்டிகளே சாலையில் எளிதிற் கவிழ்வன. 2007-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் இதனைக் கட்டாயமாக்கி விதி செய்தபோது, வண்டி தனித்து நிலைதவறும் விபத்துக்கள் சாதாரணக் கார்களில் 34 விழுக்காடும், உயர்ந்த வண்டிகளில் 59 விழுக்காடும் குறையும் என்றும், ஆண்டொன்றுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை காக்கப்படும் என்றும் மதிப்பிட்டது. இத்தனை குடும்பங்கள் தந்தையையோ தாயையோ பிள்ளையையோ இழவாமற் காக்கும் ஒரு பொறியை, விளையாட்டாக இகழ்வார் எவரும் சிந்தனையுடையவர் ஆகார்.

மணலிலும் சேற்றிலும்

அங்ஙனமாயின் முறையீடு எதற்கு? சாலையில் நன்மை செய்யும் அதே அறிவு மணலில் தீமை செய்வதால் என்க. ஆழ்ந்த மணலைக் கடப்பதற்கு இடையறாத ஓட்டம் வேண்டும். சக்கரங்கள் சிறிது வழுக்கிச் சுழன்றுகொண்டேதான் வண்டி முன்னேறும். பொறியின் கண்ணுக்கோ வழுக்குதல் யாவும் அபாயமே. அது எஞ்சினின் விசையை அறுக்கின்றது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் முனகுமேயன்றி முழங்காது. ஓட்டம் தடைப்பட்ட வண்டி அச்சுவரை மணலிற் புதைகின்றது. நீர் மோதும் ஆற்றங்கரையிலோ சரிவின் நடுவிலோ இது நேர்ந்தால், அதன் விளைவு வெறும் சலிப்போடு நின்றுவிடாது.

இதனை அந்த அமெரிக்க விதியே ஒப்புக்கொண்டிருப்பது கவனித்தற்குரியது. நிலைகாப்புப் பொறியை ஓட்டுபவர் அணைத்தாலும், அடுத்தமுறை எஞ்சினை முடுக்கும்போது அது தானே விழித்துக்கொள்ள வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டப்பட்டு, குறைந்தது 1.6 மடங்கு தாழ்ந்த கியர்த்தொகுதியில் காட்டுவழி செல்லும் வண்டிக்கு அவ்விதியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சட்டம் செய்தவர்கள் 1948-ஆம் ஆண்டின் வளையத்தை அறிந்தோ அறியாமலோ மீண்டும் அமைத்தனர் என்று நாம் மகிழலாம்.   

இனி, சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையைக் காண்போம். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு அச்சின் நடுவே டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உளது. ஒரு சக்கரம் பள்ளத்தின்மேல் தொங்கினால், விசையெல்லாம் தடையற்ற அச்சக்கரத்திற்கே சென்று வீணாகும். பழைய முறை, இத்தொகுதியைப் பூட்டி இரு சக்கரங்களையும் ஒருசேரச் சுழற்றுவது. புதிய முறை, வீணே சுழலும் சக்கரத்திற்குப் பொறியே பிரேக்கிட்டு, விசையை மறு சக்கரத்திற்குத் திருப்புவது. பூட்டும் முறை தடை வருமுன்னரே ஆயத்தமாக நிற்கின்றது. பிரேக்கிடும் முறை சக்கரம் வழுக்கியதைக் கண்டபின்னரே விழிக்கின்றது. அந்த இடைவெளியில் வண்டி தன் ஓட்டத்தை இழந்துவிடுகின்றது என்பதே தேர்ந்தவர்களின் குறை.

மஞ்சள் விசையின் கதை

1997-ஆம் ஆண்டில் லேண்ட்ரோவர் கம்பெனி ஃபிரீலாண்டர் என்னும் சிறுவண்டியை வெளியிட்டது. அதில் தாழ்ந்த கியர்த்தொகுதி இல்லை. அக்குறையை ஈடுசெய்ய, இறக்கக் கட்டுப்பாடு என்னும் புதிய பொறியை அமைத்தனர். கியர்த்தண்டின் மஞ்சள் விசையை உயர்த்தி, முதற்கியரிலோ பின்கியரிலோ இறங்கினால், ஏ.பி.எஸ். அமைப்பே ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே தடுத்து, மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியை இறக்கும். 1998-இல் தென்னமெரிக்காவின் தியெரா டெல் ஃபுவேகோவில் நடந்த கேமல் டிராபி ஓட்டத்திலும் அவ்வண்டிகளே பயன்பட்டன.

அதுவரை ஆண்டுக்கணக்கில் பயின்றவரே இறங்கிய சரிவுகளில், நேற்று வண்டி வாங்கியவரும் இறங்கலாயினர். இதனைக் கண்டு பழையவர்களிற் சிலர் முகஞ்சுளித்தனர். அம்முகச்சுளிப்பில் நமக்கு உடன்பாடில்லை. ஒரு கலை சிலரிடம் மட்டுமே இருந்து பலருக்கும் எட்டும்படி ஆகுமாயின், அஃது உலகிற்கு நன்மையே. நம் வருத்தம் மற்றொன்று. தாழ்ந்த தொகுதியும் தேர்ந்த கையும் உள்ள வண்டியிலும், சக்கரங்கள் தடதடக்கப் பிரேக்குகளைச் சூடேற்றிக்கொண்டு பொறியே இறக்கவேண்டும் என்னும் எண்ணம் பரவிற்று. தாழ்ந்த முதற்கியர் ஓசையின்றிச் செய்யும் வேலை அது. பிரேக்கு வெந்துபோகும் அபாயமும் அதில் இல்லை. ஈடாக வந்த பொருள் மூலப்பொருளைக் காட்டிலும் உயர்ந்ததாக மதிக்கப்பட்டது.

கிளட்சும் பொறியும்

கையால் கியர் மாற்றுவோர்க்கென்றே அமைந்த சங்கடங்களும் உள. கிளட்சை மிதித்தாலன்றி எஞ்சின் முடுங்காதவாறு இக்காலத்து வண்டிகளிற் பூட்டு வைத்துள்ளனர். வீட்டு வாசலில் கியர் பூட்டியதை மறந்து சாவியைத் திருப்பி, முன்னே நிற்கும் குழந்தைமேல் வண்டியை ஏற்றிவிடாதிருக்க இப்பூட்டு உதவுகின்றது. ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் நின்றவருக்குக் கிளட்சை மிதிப்பதே ஆபத்து என்பதை மேலே கண்டோம். டொயோட்டா கம்பெனி தன் டக்கோமா போன்ற கைகியர் வண்டிகளில், இப்பூட்டை விலக்குவதற்கென்று தனியே ஒரு விசையை வைத்தது. அதனை அழுத்தினால் கிளட்சை மிதியாமலே, கியர் பூட்டியபடி எஞ்சினை முடுக்கலாம். ஒரு சிறு விசை. அதன் விலையும் சிறிதே. ஆனால் மலைச்சரிவில் நிற்பவர்க்கு அதன் மதிப்பை அளவிட முடியாது. அவ்விசை இல்லாத வண்டிகளை ஓட்டுவோரின் குறை நியாயமானதே.

ஸ்டூடிபேக்கரின் ஹில் ஹோல்டர் இற்றைநாளில் மின்பொறியாக மறுபிறவி எடுத்துள்ளது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தபின்னும் இரண்டொரு நொடி வண்டியை அது பிடித்து நிற்கும். நகரத்து மேம்பாலத்தில் இது நல்ல துணை. சேற்றிற் சிக்கிய வண்டியை மீட்கவோ, முதற்கியரும் பின்கியரும் மாறி மாறி இட்டு ஊஞ்சல்போல் அசைக்கவேண்டும். அவ்வசைவின் தாளம் ஒரு நொடி பிசகினாலும் பயனில்லை. பொறி ஒவ்வோர் அசைவின் முடிவிலும் வண்டியைப் பிடித்துக்கொள்ளுமாயின் தாளம் கெடுகின்றது. கைப்பிரேக்கின் கதையும் இத்தகையதே. பழைய நெம்புகோலை ஓட்டுபவர் அங்குலம் அங்குலமாகத் தளர்த்துவார். இக்காலத்து மின்பிரேக்கோ, பிடித்தல் அல்லது விடுதல் என்னும் இரண்டையன்றி வேறறியாது.

முன்னே தடை காணின் தானே நிறுத்தும் பொறியும், வேக எல்லையை நினைவூட்டும் பொறியும் ஐரோப்பாவில் 2022 ஜூலை முதல் புதுவகை வண்டிகளுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகள் அனைத்திற்கும் கட்டாயமாயின. நகரத்தில் நடப்போர்க்கு இதனால் நேரும் நன்மை பெரிது. ஆயினும் ஆளுயர லாலாங் புல்லைச் சுவரென்று கருதி நிற்கும் பொறி காட்டுவழியில் யாருக்கு உதவும்? புல் எது, சுவர் எது என்று அறிந்தவர் அங்கு அமர்ந்திருக்கின்றாரே!

எல்லாப் பொறிகளும் இவ்வாறு வெறுக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2015-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் கைகியர் வண்டியில், கியர் மாற்றும்போது எஞ்சினின் வேகத்தைத் தானே பொருத்தும் அமைப்பு உண்டு. அதற்கு ஒரு விசையும் உண்டு. வேண்டுவோர் இடலாம், வேண்டாதார் அணைக்கலாம். அணைத்தபின் ஓட்டுபவரும் பொறியும் ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்பதில்லை.

இரு திறத்தார் நியாயம்

வண்டியோட்டிகளின் முறையீட்டைத் தொகுத்துக் காணின் மூன்று குறைகள் தெளிவாகின்றன. முதலாவது, பொறி எப்போது தலையிடும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. இரண்டாவது, அணைத்த பொறி சொல்லாமலே மீண்டும் விழித்துக்கொள்கின்றது. மூன்றாவது, பல பொறிகள் ஒரே விசையிற் பிணைக்கப்பட்டுள்ளன. வேண்டாததை அணைத்தால் வேண்டியதும் சேர்ந்து அணைந்துவிடுகின்றது. இம்மூன்றும் பொறியின் இருப்பைப் பற்றிய குறைகளல்ல. பொறிக்கும் மனிதனுக்கும் இடையே உடன்பாடு இல்லாமையைப் பற்றியவை.

வண்டி செய்வோரின் நியாயத்தையும் கேட்போம். ஞாயிறன்று சேற்றில் ஓடும் வண்டியே திங்களன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்கின்றது. மணலில் அணைத்த பொறியை மறந்துபோய் மழை பெய்த நெடுஞ்சாலையில் விரைபவர், தமக்கு மட்டுமன்றி எதிரே வருபவர்க்கும் எமனாகின்றார். தம்மைத் தேர்ந்தவர் என்று எண்ணிக்கொள்வோர் பலர். மெய்யாகத் தேர்ந்தவர் சிலரே. ஆதலின் பொறி தானே விழித்துக்கொள்வது நல்லது என்கின்றனர். இதனை நாம் தள்ளுவதற்கில்லை. ஆணவத்தால் பொறியை அணைப்பவருக்காக இக்கட்டுரை வாதாடவில்லை.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். வண்டி சரிவில் உருண்டு சரக்குப் பாழானால், ஆளுக்குக் காயம் நேர்ந்தால், யாரை விசாரிக்கின்றனர்? பொறியைக் கூண்டிலேற்றுவதில்லை. ஓட்டியவரையே கேட்கின்றனர், அவர் உரிமத்தையே பறிக்கின்றனர், அவர் கூலியையே பிடிக்கின்றனர். பொறுப்பு அவருடையதாயின் அதிகாரமும் அவருடையதாயிருத்தல் வேண்டும். அதிகாரத்தைப் பொறிக்குத் தந்துவிட்டு, பொறுப்பை மட்டும் மனிதனிடம் விட்டுவைப்பது எந்த நீதியிலும் சேராது. காட்டுவழி ஓட்டுவோரின் சிறு முணுமுணுப்பினுள்ளே இப்பெரிய கேள்வி அடங்கியிருக்கின்றது.

கைகியரின் காலமும் சுருங்கி வருகின்றது. 1948-இல் தொடங்கிய பழைய லேண்ட்ரோவர் பரம்பரை, இருபது லட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைத் தந்தபின், 2016 ஜனவரி 29-ஆம் நாள் சொலிஹல் தொழிற்சாலையில் முடிவுற்றது. அதன் பெயரைத் தாங்கி 2020-இல் விற்பனைக்கு வந்த புதிய டிஃபெண்டர், கைகியர் இன்றியே வந்தது. 1984-இல் தோன்றிய டொயோட்டா லேண்ட்குரூஸர் எழுபது வரிசை போன்ற சிலவே பழைய முறையை இன்னும் காத்து வருகின்றன. இதற்காக ஒப்பாரி வைப்பதிற் பயனில்லை. கருவி மாறும், மாறவும் வேண்டும். கருவியோடு நிலத்தைப் படிக்கும் அறிவும் மறைந்துபோகாமற் காப்பதே செய்யத்தக்கது. பொறி பழுதாகி எச்சரிக்கை விளக்குகள் ஒருசேர எரியும் நாளில், சரிவின் நடுவே நிற்பவரைக் காப்பது அவ்வறிவு ஒன்றே.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. வண்டி செய்வோர் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி விசை வைத்து, அஃது எப்போது விழிக்கும், எப்போது உறங்கும் என்பதைக் கையேட்டில் ஒளிவின்றி எழுதுக. தோட்டங்களிலும் கம்பெனிகளிலும் வண்டியை ஒப்படைப்போர், சாவியை மட்டும் கொடுத்து அனுப்பாது, ஒருநாளேனும் மண்பாதையில் பயிற்சி அளித்து அனுப்புக. ஓட்டுவோரும் பொறியைத் திட்டுவதோடு நில்லாது, அதன் இயல்பைக் கற்று, காட்டில் அணைத்ததைத் தார்ச்சாலை ஏறியவுடன் தம் கையாலேயே மீண்டும் இடுக. கல்லாத கைக்குப் பொறி துணையாகட்டும். கற்ற கைக்கு வழிவிடட்டும். முதல் லேண்ட்ரோவரின் காலடியில் அன்று ஒரு வளையம் இருந்தது. இனி வரும் வண்டிகளிலும் அத்தகையதொன்று ஓட்டுபவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்குமாயின், இம்முறையீட்டிற் பெரும்பகுதி எழவே எழாது.